முன்னுரிமை பூஜ்யம்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. தொழிற்சாலையில் அவள் பெயர் வீம்பு. முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். அவளே ஒருநாள் தன் தேநீர்க் கோப்பையில் சிவப்புப் பெயின்டால் 'வீம்பு' என்று எழுதி மேசைமேல் வைத்தாள். அதன்பிறகு ஒளித்துச் சொல்வதில் யாருக்கும் ருசி இல்லாமல் போய், முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அங்கே தயாராவது மருத்துவமனைகளுக்கான சிரிஞ்சு பம்ப். செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு இயந்திரம். அதில் மருந்து நிரப்பிய சிரிஞ்சைக் கிடத்திக் கொக்கியைப் போட்டால், பின்னாலிருந்து ஒரு சின்ன மோட்டார் மணிக்கணக்கில், அளவு பிசகாமல், அதை அழுத்திக்கொண்டே இருக்கும். குழாய் எங்காவது அடைத்துக்கொண்டால் உடனே அலாரம் அடித்து நின்றுவிட வேண்டும். அந்த 'உடனே'தான் இந்தக் கதையில் எல்லாப் பாடும் படுத்தியது.

வீம்பு டிப்ளமோ முடித்து, இருபது வயதில் கீழ்த்தளத்தில் சோல்டரிங் மேசைக்கு வந்தவள். உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே எட்டு வருடம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை முந்நூறு போர்டுகள் கோளாறு என்று திரும்பி வந்தன. மேல்தளத்தில் இருந்தவர்கள் யோசிக்கவே இல்லை, சோல்டர் சரியில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். தன் கை வைத்த இடம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன! வாதாடவில்லை, அழவும் இல்லை. நான்கு மாதம் மதிய இடைவேளையில் ஒரு கையில் சாப்பாடும் ஒரு கையில் புத்தகமுமாக புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, மேல்தளத்தார் எழுதிய புரோகிராமில், சென்சார் விழித்துக்கொள்வதற்குள் அதனிடம் கேள்வி கேட்கும் ஒரு வரியைக் கண்டுபிடித்து மேலே கொண்டுபோய்க் காட்டினாள். அடுத்த மாதமே அவளை மேல்தளத்துக்கு மாற்றினார்கள். பாராட்டி அல்ல. கீழேயே விட்டால் இன்னும் எதையெல்லாம் நோண்டுவாளோ என்ற பயம்தான்.

இப்போது நாற்பத்துநான்கு வயது. கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அதே கட்டடத்தில் மேல் வீட்டில் தங்கை இருக்கிறாள். அவள் மருத்துவமனையில் நர்ஸ், எட்டுப் படுக்கை வார்டு. சனிக்கிழமை மாலையென்றால் இரண்டு வீட்டுக்கும் ஒரே சமையல்.

அப்படி ஒரு சனிக்கிழமை தங்கை வந்து, சாப்பாட்டு மேசையில் ஒரு கடிதத்தின் நகலைப் போட்டாள். தலைப்பில் வீம்பு வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர். கீழே அவளுடைய சீஃப் என்ஜினியரின் கையெழுத்து. 'இயந்திரத்தில் குறை ஏதும் இல்லை. பயன்படுத்தியவரின் கவனக்குறைவே காரணம்.'

"இதை என் ஃபைல்ல சேத்துட்டாங்க, அக்கா" என்றாள் தங்கை. "பதினாலு வருஷ சர்வீஸ்ல என் மேல ஒரு குறை கிடையாது. இப்ப உங்க கம்பெனி புண்ணியத்துல வந்துடுச்சு."

"நீ என்ன செஞ்சே? ஒண்ணு விடாம சொல்லு."

"டாக்டர், காலையிலேருந்து எவ்வளவு மருந்து போயிருக்குன்னு கேட்டார். பம்ப்ல பழைய பட்டியலைத் திறந்து, கீழ்நோக்கிப் போற பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஓட்டிட்டே இருந்தேன். ஒரு நிமிஷம் இருக்கும். கையை எடுத்ததும் அலாரம் அலறுது. பார்த்தா நோயாளியோட முழங்கைக்கு அடியில குழாய் மடங்கியிருக்கு. மடிப்பைச் சரி பண்ணதும், தேங்கின மருந்து ஒரேயடியா உள்ள போயிடுச்சு. அவருக்கு பிரஷர் சரசரன்னு இறங்கிடுச்சு. ஓடி ஓடிப் பார்த்து, பிழைச்சுட்டார்னு வெச்சுக்கோ. ஆனா அலாரம் அடிச்சும் நான் கவனிக்காம நின்னேனாம்!"

"கையை எடுத்ததும் அடிச்சுதா, அதுக்கு முன்னாடியேவா?"

"கையை எடுத்ததும்தான். ஆயிரம் தடவை சொல்லிட்டேன். யாரும் காதுல போட்டுக்கல."

வீம்பு காதில் போட்டுக்கொண்டாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தன் தலையில் கட்டப்பட்ட முந்நூறு போர்டுகள் நினைவுக்கு வந்தன. அப்போது வந்த கோபத்தைவிட இப்போது வந்தது பெரிது. அவளையாவது சோல்டரோடு விட்டார்கள். தங்கை தலையில் ஒரு மனித உயிரையே கட்டியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக சோதனை மேசைக்குப் போனாள். அங்கே இருப்பவருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். எந்நேரமும் கழுத்தில் ஒன்று தொங்கும், அதனால். பழைய பம்ப் ஒன்றில் தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சைப் போட்டு, பட்டியலைத் திறந்து, பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் குழாயை மடித்தாள். சத்தமே இல்லை. திரையில் எண்கள் ஓடின, மோட்டார் தன் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

"ஐம்பத்திரண்டு செகண்டு" என்றார் ஸ்டாப்வாட்ச், குரல் இறங்கி.

வீம்பு விரலை எடுத்தாள். பம்ப் அலறியது.

காரணம் புரிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பழைய புரோகிராம் ஒரு செக்குச் சுற்று. பொத்தானைப் பார், திரையை வரை, அழுத்தத்தைப் பார், தேவையென்றால் அலாரம் அடி, மறுபடி பொத்தானைப் பார். ஒரு விநாடியில் பத்துச் சுற்று சுற்றிவிடும், நல்லதுதான். ஆனால் கீழ்நோக்கும் பொத்தான் அமுங்கியே இருந்தால், திரை வரையும் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, விரல் எடுக்கும்வரை அடுத்த வேலைக்கு நகராது. மோட்டாருக்குத் தனிக் கடிகாரம், அதனால் அது மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அழுத்தத்தைப் பார்க்க நாதியில்லை.

அந்தச் சுற்றைப் பதினோரு வருடத்துக்கு முன் தனியாளாக எழுதியவர் சீஃப். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. எல்லோருடைய பிள்ளைகளின் படிப்பையும் விசாரிப்பார். ஆனால் அந்த புரோகிராமைப் பற்றி யாராவது பேசினால், பெற்ற பிள்ளையைக் குறை சொன்னதுபோல முகம் மாறிவிடும். வீம்பு சொல்லச் சொல்ல மாறியது. இழுப்பறையைத் திறந்து பயன்பாட்டுக் கையேட்டை எடுத்து நாற்பத்தோராம் பக்கத்தைப் பிரித்தார்.

"'பொத்தானை அமுக்கி உடனே விடவும்.' தெளிவா போட்டிருக்கு. அமுக்கிட்டே நின்னா நாம என்ன பண்றது?"

"வார்டுல இருக்கறவங்க நாற்பத்தோராம் பக்கத்தை மனப்பாடம் பண்ணிட்டா சார் வேலைக்கு வருவாங்க?"

"அந்த ப்ராசஸர்ல அதுக்கு மேல செய்ய முடியாதும்மா. பதினாறு கிலோபைட் மெமரி. முடியாததைச் செய்யலைன்னா அது குறை ஆகாது."

"முடிஞ்சுதுன்னா?"

சீஃப் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதே போர்டு, அதே சிப்" என்றாள் வீம்பு. "ஒரு ரியல்டைம் கெர்னலைப் போட்டு, பட்டன் அமுங்கியிருக்கும்போதே அலாரம் அடிக்க வெச்சுக் காட்டறேன். அப்ப அது குறைதானே சார்? அப்ப அந்த லெட்டரைத் திரும்ப வாங்கிப்பீங்கதானே?"

"ஆறு வாரம் எடுத்துக்கோங்க. முடியலைன்னா அந்த லெட்டரைப் பத்தி இந்த ஆபீஸ்ல இன்னொரு தடவை பேசக் கூடாது."

"சரி" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்று அவளுக்கே தோன்றியது படியிறங்கும்போதுதான். தோன்றினால் தோன்றட்டும் என்று இறங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில், கெர்னல் என்றால் என்னவென்று தங்கை கேட்டாள்.

"உன் வார்டுல எட்டுப் பேர், நீ ஒருத்தி. ஒருத்தருக்குக் கட்டு மாத்திட்டு இருக்கே. இன்னொரு படுக்கையில மூச்சுத் திணறல்னு மணி அடிக்குது. நீ என்ன பண்ணுவே?"

"கட்டை அப்படியே போட்டுட்டு ஓடுவேன்."

"திரும்பி வந்து?"

"எங்க விட்டேனோ அங்கேருந்து கட்டுவேன்."

"அதேதான். இருக்கறது ஒரே சிப். எந்த வேலை அவசரமோ அதை முதல்ல விடறது, விட்ட வேலை எங்க நின்னுச்சுன்னு குறிச்சு வெச்சுக்கிட்டு அப்புறம் அங்கேருந்தே தொடர வைக்கிறது. அந்த மேஸ்திரி வேலையைச் செய்ற சின்ன புரோகிராம்தான் கெர்னல்."

"அட, இதுக்கா இவ்ளோ பெரிய பேரு? இது எங்க அன்றாட டியூட்டி!"

கணவர் விட்டுவிடுவாரா? "நான் ஒரே நேரத்துல பிரேக் மேல கால், ஸ்டியரிங் மேல கை, ஓட்டறவன் மேல கண்ணு, வாயில திட்டுன்னு நாலு வேலை பார்க்கறேன். எனக்கு யாரும் கெர்னல்னு பட்டம் குடுக்கல" என்றார். வெகுநாள் கழித்துத் தங்கை சிரித்தாள்.

மறுவாரம் வேலை ஆரம்பமானது. முதலில் கெர்னலுக்கு ஒரு நாடித்துடிப்பு வேண்டும். சிப்பில் இருந்த ஒரு கடிகாரத்தை விநாடிக்கு ஆயிரம் முறை தட்டும்படி அமைத்தாள். பிறகு இரண்டே இரண்டு வேலைகளை எழுதினாள். ஒன்று சிவப்பு விளக்கை அரை விநாடிக்கு ஒருமுறை மினுக்கும், மற்றது பச்சை விளக்கை முக்கால் விநாடிக்கு ஒருமுறை. ஒன்றுக்கொன்று தெரியாது, ஒன்றுக்காக மற்றது காத்திருக்காது. இரண்டு நாள் இரண்டும் எரியவே இல்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு இரண்டும் தத்தம் போக்கில் மினுங்கின. நாற்பத்துநான்கு வயதுப் பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு சுற்றுச் சுற்றினாள். பார்த்தது ஸ்டாப்வாட்ச் மட்டும்தான், அவரும் வெளியே சொல்லவில்லை.

அதன்பிறகு பம்பின் வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அலாரத்துக்கு ஐந்தாம் எண், அழுத்தத்துக்கு நான்கு, மோட்டாருக்கு மூன்று, பொத்தானுக்கு இரண்டு, திரைக்கு ஒன்று. கெர்னலின் கணக்கில் பெரிய எண்தான் பெரிய ஆள். திரை எவ்வளவு மும்முரமாக வரைந்துகொண்டிருந்தாலும் அழுத்தம் குறுக்கே வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

வெளியிலிருந்து வரும் தட்டல்களை இன்டரப்ட் என்பார்கள். பொத்தான் அமுங்கியது, சென்சார் அளவு எடுத்துவிட்டது என்று சிப்பைத் தட்டி எழுப்புபவை அவை. அவற்றுக்கும் முன்னுரிமை எண் கொடுக்க வேண்டும். ஆனால் சிப்பின் கணக்கில் எண் சின்னதாக ஆக ஆகத்தான் ஆள் பெரிய ஆள். உள்ளே ஒரு சட்டம், வாசலில் அதற்கு நேர் எதிர்ச் சட்டம். கெர்னல் தன் குறிப்புகளை எழுதும்போது, 'ஐந்து முதல் மேலே உள்ள எண்காரர்களே, ஒரு கணம் பொறுங்கள்' என்று நிறுத்திவைக்கும். ஐந்துக்குக் குறைந்த எண்காரர்களை நிறுத்த அதற்கு அதிகாரம் இல்லை. அதனால் அவர்கள் கெர்னலிடம் எதுவும் பேசவே கூடாது. இதில் வழுக்கி விழாத என்ஜினியர் குறைவு. வீம்பு இதை ஒரு தாளில் பெரிதாக எழுதி மேசைமேல் ஒட்டி, வருவோர் போவோருக்கெல்லாம் பாடம் எடுத்தாள். அப்படிப் பாடம் எடுத்ததுதான் பிற்பாடு அவளை அதிகம் சுட்டது.

இடநெருக்கடி இன்னொரு பக்கம். ஒவ்வொரு வேலைக்கும் குறிப்பு வைத்துக்கொள்ளத் தனியாக மெமரி ஒதுக்க வேண்டும். எவ்வளவு போதும் என்று தெரிய, ஒதுக்கிய இடம் முழுவதையும் ஒரே எண்ணால் நிரப்பி, ஒருநாள் ஓடவிட்டு, எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்து, மிச்சத்தைக் கத்தரித்தாள். பதினாறு கிலோபைட்டுக்குள் எல்லாம் உட்கார்ந்துவிட்டது. ஆனால் புரோகிராமை வைக்கும் இடம் போதவில்லை, நான்கு கிலோபைட் துண்டு விழுந்தது. கெர்னலோடு வரும் சுயபரிசோதனையை அணைத்துவிட்டாள். யாராவது விதியை மீறினால் அந்த வரியிலேயே நிறுத்திக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு அது. 'எனக்குத்தான் விதியெல்லாம் அத்துப்படியாயிற்றே' என்று நினைத்தாள்.

மூன்றாம் வார இறுதியில் பம்ப் முழுதாக ஓடியது. பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு குழாயை மடித்தால், அழுத்தம் வரம்பைத் தாண்டியதும் அரை விநாடிக்குள் அலாரம். வீம்புக்குத் தரையில் கால் பாவவில்லை.

திங்கட்கிழமை ஸ்டாப்வாட்ச் கூப்பிட்டார். பம்ப் உறைந்துபோய் நின்றிருந்தது. திரை அப்படியே இருந்தது. மோட்டார் இல்லை, அலாரமும் இல்லை. மின்சாரத்தை நிறுத்திப் போட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. புதன்கிழமை மறுபடி நின்றது. வெள்ளிக்கிழமை நிற்கவில்லை. சனிக்கிழமை மறுபடி.

எந்த வரியென்று தெரியவில்லை. மெமரியைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லா வரிகளையும் படித்தாள். பத்து நாள் ஓடிவிட்டது.

சீஃப் இறங்கி வந்தார். அவர் கேலி செய்திருந்தால் தேவலை என்று இருந்தது. அவரோ இரக்கப்பட்டார்.

"இதுக்கு ஏன் இப்படி அலையறீங்க? ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதானே நிக்குது? வாட்ச்டாக்கைப் போட்டு விடுங்க. ஒரு செகண்டுல தானா ரீஸ்டார்ட் ஆயிடும். யாருக்குத் தெரியப் போகுது?"

வாட்ச்டாக் என்பது சிப்புக்குள் இருக்கும் காவல் கடிகாரம். புரோகிராம் அவ்வப்போது அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும். தட்டவில்லையென்றால், செத்துப்போய்விட்டது என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் முதலிலிருந்து கிளப்பிவிடும்.

"கிளம்பும் சார். எத்தனை மில்லி உள்ள போச்சுங்கற கணக்கு?"

"அது போயிடும். நர்ஸ் மறுபடி போட்டுக்குவாங்க."

"தப்பாப் போட்டுட்டா, அப்ப யார் ஃபைல்ல ஒட்டுவீங்க?"

சீஃபின் முகத்திலிருந்த இரக்கம் வடிந்தது. "இன்னும் பதினோரு நாள் இருக்கு. நான் ஒரு வழி சொன்னேன். ஏத்துக்கிட்டா இன்னைக்கே சைன் பண்ணிடலாம். லெட்டரைக்கூட யோசிக்கலாம்" என்றார்.

உண்மையில் அது பெரிய சபலம். தங்கை மீதான கறை இன்றே போய்விடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஒரே ஒரு விநாடி. வீம்பு கோப்பையைத் திருப்பி வைத்தாள், சிவப்பு எழுத்து தன் பக்கம் இருக்கும்படி.

"வாட்ச்டாக் இருக்கட்டும் சார். எனக்குத் தெரியாத ஏதோ நடந்தா காப்பாத்தறதுக்கு. எனக்குத் தெரிஞ்ச தப்பை மூடறதுக்கு இல்ல. அதை வெச்சு மூடின மெஷினுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் போன பிறகு, அணைத்து வைத்த சுயபரிசோதனை அவள் நினைவுக்கு வந்தது. திரும்பப் போட நான்கு கிலோபைட் வேண்டும். எங்கே போவது? பம்பைப் போட்டதும் திரையில் கம்பெனியின் முத்திரை பூப்போல நான்கு கட்டமாக விரியும். முதலாளிக்கு உயிர் அது. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார். அளவைப் பார்த்தாள், ஐந்தரை கிலோபைட். ஒரே தட்டில் பூவைக் கிள்ளிப் போட்டாள்.

"ஐயையோ, முதலாளி!" என்றார் ஸ்டாப்வாட்ச்.

"நோயாளி பூவையா பார்க்கப் போறார்? அது சரி, நின்னப்பெல்லாம் நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க? நேரத்தை மட்டும் எழுதியிருக்கீங்களே."

அவர் யோசித்தார். "சிரிஞ்சு மாத்திட்டு இருந்தேன். நாலு தடவையும் அதான்னு நினைக்கறேன்."

பரிசோதனையோடு பம்ப் கிளம்பியது. வீம்பு சிரிஞ்சின் கொக்கியை மெல்லத் தூக்கினாள். 'டக்' என்ற சத்தத்தோடு எல்லாம் நின்றது. கணினித் திரையில் ஒரு வரி மின்னியது. பத்து நாள் தேடியது மூன்று விநாடியில் வந்து எதிரே உட்கார்ந்தது.

கொக்கி திறந்ததைச் சொல்லும் இன்டரப்ட். மூன்றாம் வாரத்தில் ஒரு மதியம் அவளே அவசரமாகச் சேர்த்தது. மற்ற இன்டரப்டுகள் எல்லாவற்றுக்கும் முன்னுரிமை எண் கொடுத்திருந்தாள். இதற்குக் கொடுக்க மறந்துவிட்டாள். எண் கொடுக்காததற்கு சிப் தானாகவே வைத்துக்கொள்ளும் எண் பூஜ்யம். வாசல் சட்டப்படி பூஜ்யம்தான் எல்லோருக்கும் மேலான பெரிய ஆள். கெர்னல் பொறு என்றாலும் பொறுக்காது. கெர்னல் தன் குறிப்பில் பாதி வரி எழுதியிருக்கும்போது கொக்கி உள்ளே நுழைந்து, பேனாவைப் பிடுங்கி நடுவில் கிறுக்கிவிட்டுப் போனது. எப்போதாவது அந்தக் கணம் பொருந்தியபோதெல்லாம் பம்ப் நின்றது. இல்லாத வரியை எத்தனை முறை படித்தால் என்ன, கண்ணில் படுமா?

மேசைமேல் ஒட்டியிருந்த தாளை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காது மடல் சூடாகியது. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், தன் வீட்டு வாசலையே பூட்ட மறந்திருக்கிறாள்.

ஸ்டாப்வாட்ச் நல்ல மனிதர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஒரு வரிதானே? போட்டுடுங்க. அறிக்கையில 'காரணம் தெரியவில்லை, இப்போது சரியாகிவிட்டது'ன்னு எழுதிடலாம். சீஃப்புக்கு எதுக்கு நாமே வாய்க்கு அவல் குடுக்கணும்?"

"குடுப்போம். நல்லா மெல்லட்டும்."

கொக்கிக்கும் ஓர் எண் கொடுத்தாள். பம்ப் பத்து நாள் இடைவிடாமல் ஓடியது. ஸ்டாப்வாட்ச் கைவலிக்க வலிக்க ஆயிரத்து இருநூறு முறை கொக்கியைத் திறந்து மூடினார். ஒருமுறைகூட நிற்கவில்லை.

கெடு முடியும் நாள் காலை, சீஃபையே பொத்தானை அமுக்கிப் பிடிக்கச் சொன்னாள். பட்டியல் ஓடியது. குழாயை மடித்தாள். அவர் விரல் பொத்தான் மேலேயே இருக்க, பம்ப் அலறியது. சீஃப் விரலை எடுக்க மறந்து நின்றார். தான் பதினோரு வருடத்துக்கு முன் எழுதிய அதே திரையைப் பார்த்தார், அதே போர்டைப் பார்த்தார்.

"நடுவுல நின்னுதே, அது என்ன?" என்றார் கடைசியாக.

வீம்பு அச்சிட்ட படிவம் ஒன்றை நீட்டினாள். கம்பெனியின் குறை அறிக்கை. அதில் ஒரு கட்டம், 'யாருடைய தவறு' என்று கேட்கும். அந்தக் கட்டத்தில் வழக்கமாக ஒரு கோடு கிழித்துவிடுவார்கள். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அதில் ஒருவர் பெயரும் ஏறியதில்லை. வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்த அவள் பெயர், முழுதாக, முதலெழுத்தோடு, அங்கே இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'கொக்கி இன்டரப்டுக்கு முன்னுரிமை எண் கொடுக்கத் தவறினேன். சுயபரிசோதனையை அணைத்ததால் தெரியாமல் போனது. இரண்டும் என் வேலை' என்று எழுதியிருந்தாள்.

"அப்ப உங்க தப்புதான்!" சீஃபின் குரலில் உயிர் வந்தது.

"ஆமா சார். என் தப்புதான். அதான் பேர் போட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு இன்னொரு படிவத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். அதில் தங்கையின் வார்டில் இருக்கும் பம்பின் எண், தேதி, 'பொத்தான் அமுங்கியிருக்கும்வரை அழுத்தம் பார்க்கப்படவில்லை, அலாரம் தாமதம்' என்று எல்லாம் நிரப்பியிருந்தது. 'யாருடைய தவறு' என்ற கட்டம் மட்டும் காலி.

ஸ்டாப்வாட்ச் ஜன்னலுக்கு வெளியே ஏதோ இருப்பதுபோலப் பார்த்தார். சீஃப் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு எனக்கு வேற வழி இல்லம்மா" என்றார். "தனி ஆள். நாலு மாசம்தான் குடுத்தாங்க. இந்தக் கெர்னல் எல்லாம் யாரும் இங்க கேள்விப்பட்டதுகூட இல்ல."

"தெரியும் சார். அன்னைக்கு எழுதினதை நான் குத்தம் சொல்லல. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு லெட்டர் எழுதினீங்களே, அதைச் சொல்றேன். பெஞ்சுல ஒரு தடவை பட்டனை அமுக்கிப் பார்த்துட்டு எழுதியிருக்கலாம். பார்க்கல. என் தப்பை நான் எழுதிட்டேன். எழுதினதால நான் செத்துப் போயிடல. உங்களதை ஒரு நர்ஸ் தலையில வெச்சிருக்கீங்க. அவ என் தங்கச்சியா இல்லாட்டியும் நான் இதைத்தான் கேட்டிருப்பேன்."

அவர் அவளுடைய படிவத்தை எடுத்து மறுபடி படித்தார். நெடுநேரம் அந்த ஒரு பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் காலிக் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். "பழைய மெஷின் அத்தனைக்கும் இதைப் போடணும்" என்று அவரே சொன்னார். "லெட்டரை இன்னைக்கே மாத்தி எழுதறேன்." வீம்புக்கு அந்த நிமிடம் அவர்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, வீம்புதானே!

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, புது புரோகிராமை ஏற்ற வீம்பே தங்கையின் வார்டுக்குப் போனாள். வார்டுக் கண்காணிப்பாளர் தங்கையின் ஃபைலிலிருந்து பழைய கடிதத்தைப் பிரித்தெடுத்து, புதியதைச் சேர்த்தார். 'இயந்திரத்தின் குறை. பயன்படுத்தியவர் மீது தவறில்லை.' தங்கை அதை இரண்டு முறை படித்தாள். நேராக அக்கா நின்ற இடத்துக்கு வந்தாள்.

காலிப் படுக்கையின் பக்கத்தில் பம்ப் தண்ணீர் சிரிஞ்சோடு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பூ விரியவில்லை. தங்கை பட்டியலைத் திறந்து, கீழ்நோக்கும் பொத்தானில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். மற்றக் கையால் குழாயை இறுக மடித்தாள்.

பம்ப் அலறியது. வார்டில் விழித்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவருகில், அன்று பட்டியலைப் படிக்கச் சொன்ன அதே டாக்டர் நின்றுவிட்டார். "சிஸ்டர், அலாரம் அடிக்குது, கையை எடுங்க" என்றார்.

"கேக்குது டாக்டர்" என்றாள் தங்கை. "எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவள் விரலை எடுக்கவில்லை.